ப்ராஜெக்டைக் கடையில் வாங்காதீர்கள், ஆற்று முகத்துவாரத்தில் தேடுங்கள்!

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்களிடம் "எதற்காக வாங்கினீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். "பையன் இன்ஜினியரிங் சேர்ந்திருக்கிறான், ப்ராஜெக்ட் செய்ய வேண்டுமாம்" என்று பல பெற்றோர் சொல்வார்கள். பெண் படிக்கும் வீடுகளிலும் இதே பதில்தான். நல்ல காரணம். ஆனால் நான்காம் ஆண்டு வரும்போது என்ன நடக்கிறது? கம்ப்யூட்டர் சினிமா பார்க்கவும் பாட்டு கேட்கவும் பயன்படுகிறது. ப்ராஜெக்ட் மட்டும் கடையிலிருந்து வருகிறது.

'பைனல் இயர் ப்ராஜெக்ட் இங்கே செய்து தரப்படும்' என்ற போர்டைப் பார்க்காதவர்கள் புதுச்சேரியிலும் சென்னையிலும் இருக்க முடியாது. பணம் கட்டினால் தலைப்பு, செய்முறை, ரிப்போர்ட், பைண்டிங் என எல்லாம் கிடைக்கும். வாய்மொழித் தேர்வில் என்ன கேள்வி வரும், என்ன பதில் சொல்ல வேண்டும் என்றுகூடச் சொல்லித் தருவார்கள். மதிப்பெண் வந்துவிடும். பொறியியல் வருமா?

வராது என்பது என் கருத்து. அதற்குப் பதிலாக என்ன செய்யலாம் என்பதைச் சொல்லவே இந்தக் கட்டுரை. உங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரையும் இன்டர்நெட்டையும் வைத்தே செய்யக்கூடிய காரியம் அது. நம் ஊர் மாணவர்களும் வேறு நாட்டு மாணவர்களும் ஒரே குழுவாகச் சேர்ந்து, ஓர் உண்மையான ஊரின் உண்மையான சிக்கலை ஆராய்வது. 'சஸ்டைனபிள் இன்ஜினியரிங்' எனப்படும் நீடித்த பொறியியலைக் கற்றுத் தர இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

நீடித்த பொறியியல் என்றால் என்ன?

பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். ஒரு பாலமோ, துறைமுகமோ, குளிர்பதனப் பெட்டியோ கட்டி முடித்த அன்று வேலை செய்தால் அது பொறியியல். இருபது ஆண்டுகளுக்குப் பிறகும், அக்கம்பக்கத்தாருக்குக் கெடுதல் செய்யாமல், பராமரிப்பவரின் கைக்கு அடங்கிய செலவில் வேலை செய்தால் அது நீடித்த பொறியியல். அவ்வளவுதான்.

இதைப் பாடமாக எழுதிப் போட்டால் மாணவர்கள் மனப்பாடம் செய்து விடுவார்கள். ஏற்கெனவே அப்படித்தான் நடக்கிறது. 2014-ல் இந்தியா வாஷிங்டன் ஒப்பந்தத்தில் நிரந்தர உறுப்பினரானது. ஒரு நாட்டின் பொறியியல் பட்டத்தை மற்ற நாடுகள் மதிப்பதற்கான ஒப்பந்தம் இது. இதன்படி தர அங்கீகாரம் பெற விரும்பும் கல்லூரிகள், தங்கள் மாணவர்களுக்குச் சுற்றுச்சூழல் பற்றிய அறிவும் குழுவாக வேலை செய்யும் திறனும் இருப்பதாகக் காட்ட வேண்டும். காகிதத்தில் காட்டுவது சுலபம். கையில் வருவதுதான் கடினம்.

உதாரணம் நம் ஊரிலேயே இருக்கிறது

நான் வசிக்கும் அரியாங்குப்பத்தின் ஆறு கடலில் சேரும் இடத்தில்தான் புதுச்சேரித் துறைமுகம் இருக்கிறது. 1980-களின் பிற்பகுதியில் அங்கே கடலுக்குள் இரண்டு அலைதடுப்புக் கற்சுவர்கள் கட்டப்பட்டன. படகுகள் பாதுகாப்பாக உள்ளே வர வேண்டும் என்பது நோக்கம். அந்த அளவில் அது பொறியியல்தான்.

ஆனால் நம் சோழமண்டலக் கரையில் மணல் சும்மா இருப்பதில்லை. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலம் உள்ளிட்ட ஆண்டின் பெரும்பகுதியில் அலைகள் மணலைத் தெற்கிலிருந்து வடக்கே தள்ளுகின்றன. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் கொஞ்சம் மணல் தெற்கே திரும்புகிறது. கூட்டிக் கழித்தால் வருடத்துக்கு லட்சக்கணக்கான கன மீட்டர் மணல் வடக்கே போகிறது. குறுக்கே கற்சுவர் வந்ததும் என்ன ஆகும்? சுவருக்குத் தெற்கே மணல் சேரும். வடக்கே இருக்கும் மணல் போய்க்கொண்டே இருக்கும், புது மணல் வராது.

அப்படித்தான் ஆனது. தெற்கே வீராம்பட்டினம் பக்கம் கரை அகன்றது. வடக்கே புதுச்சேரி நகரத்தின் மணல் கடற்கரை மறைந்து, கருங்கல் குவியல்தான் மிஞ்சியது. நகரத்தைக் காப்பாற்றக் கல் போட்டதும் அரிப்பு இன்னும் வடக்கே நகர்ந்தது. மீனவக் குப்பங்களில் படகு இழுத்து வைக்கவும், வலை உலர்த்தவும் இருந்த இடம் போனது. சில இடங்களில் வீடுகளும் போயின.

இதில் முக்கியமான விஷயம் ஒன்று உண்டு. தேங்கும் மணலை எடுத்து வடக்கே கொண்டு போய்க் கொட்டும் ஏற்பாடும் மூலத் திட்டத்திலேயே இருந்தது. அது தொடர்ந்து நடக்கவில்லை. கணக்குத் தெரிந்தவர்கள்தான் திட்டம் போட்டார்கள். ஆனால் ஆண்டுதோறும் மணலை அள்ளுவது யார், அதற்குப் பணம் எங்கிருந்து வரும், அள்ளாவிட்டால் யார் வீடு போகும் என்ற கேள்விகளுக்குக் கடைசி வரை பொறுப்பு ஏற்றவர் இல்லை. 2018-ல் தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனத்தின் திட்டப்படி நகரக் கடற்கரைக்கு முன்னால் நீருக்கடியில் ஒரு செயற்கைத் திட்டு அமைக்கப்பட்டது. அதன் பிறகு தலைமைச் செயலகம் அருகே மணல் மீண்டும் சேர்ந்தது. ஊரே போய் நின்று பார்த்தது. ஆனால் வடக்கே உள்ள குப்பங்களின் பிரச்சினை அத்துடன் தீர்ந்துவிடவில்லை.

இன்னொன்றும் கவனியுங்கள். புதுச்சேரி பொறியியல் கல்லூரி 2020-ல் புதுச்சேரி தொழில்நுட்பப் பல்கலைக்கழகமாக மாறியது. அது இருக்கும் இடம் பிள்ளைச்சாவடி. நகரத்துக்கு வடக்கே, கரை அரித்த அதே பக்கம்! பாடப் புத்தகத்தில் தேட வேண்டிய உதாரணம் கல்லூரி வாசலிலேயே கிடக்கிறது.

வெளிநாட்டு மாணவர்கள் எதற்கு?

நம் ஊர்ப் பிரச்சினையை நம் மாணவர்களே ஆராயலாமே என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. என் பதில் இது: கூடவே வளர்ந்தவர்கள் கேட்க மறக்கும் கேள்வியை வெளியூர்க்காரர் கேட்பார். 'இங்கே எப்போதும் இப்படித்தான்' என்று நாம் கடந்து போகும் இடத்தில் அவர் நின்று 'ஏன்?' என்பார். அதற்குப் பதில் சொல்ல நம் மாணவர் உட்கார்ந்து படித்தாக வேண்டும். கடையில் வாங்கிய ரிப்போர்ட் அங்கே உதவாது.

ஒரு குழுவைக் கற்பனை செய்யுங்கள். புதுச்சேரியிலிருந்து இருவர், ஆஸ்திரேலியாவின் கோல்ட் கோஸ்ட் நகரிலிருந்து இருவர், நெதர்லாந்திலிருந்து இருவர். கோல்ட் கோஸ்ட்டிலும் மணல் தெற்கிலிருந்து வடக்கேதான் போகிறது. அங்கும் 1980-களில் கடல் முகத்துவாரத்தில் கற்சுவர்கள் கட்டினார்கள். ஆனால் 1986-லிருந்து தெற்கே சேரும் மணலைப் பம்ப் வைத்துக் குழாய் வழியாக வடக்கே தள்ளி வருகிறார்கள். ஆண்டுக்குச் சுமார் 5 லட்சம் கன மீட்டர். ஏறக்குறைய ஒரே காலம், ஒரே மாதிரி கடல், ஒரே மாதிரி சுவர். முடிவு மட்டும் வேறு. ஏன் என்று இரண்டு ஊர் மாணவர்களும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், வித்தியாசம் கான்கிரீட்டில் இல்லை, பராமரிப்பில் இருக்கிறது என்பது அவர்களுக்கே தெரிந்துவிடும்.

நெதர்லாந்து மாணவர் வேறொரு கதை கொண்டு வருவார். அங்கே 2011-ல் தென் ஹாலந்துக் கரையில் 2 கோடி கன மீட்டருக்கும் அதிகமான மணலை ஒரே இடத்தில் கொட்டினார்கள். அதைக் கரை நெடுகப் பரப்பும் வேலையைக் காற்றுக்கும் அலைக்கும் விட்டுவிட்டார்கள். அதற்கு 'மணல் மோட்டார்' என்று பெயர்.

அப்படியென்றால் நம் மாணவர் கொண்டு வருவது என்ன? வெளிநாட்டினர் சொல்வதைக் கேட்டுத் தலையாட்டுவது மட்டும்தானா? இல்லவே இல்லை. நம் மீனவர்கள் கடலைப் பற்றி அறிந்திருப்பது எந்த வெளிநாட்டு நூலகத்திலும் கிடைக்காது. சென்னைப் பக்கத்து மீனவர்கள் தெற்கிலிருந்து வரும் நீரோட்டத்தைத் 'தெண்டி' என்றும், வடக்கிலிருந்து வருவதை 'வன்னி' என்றும் சொல்வார்கள். பெயர் வைக்கும் அளவுக்குத் தினமும் கவனித்தவர்கள் அவர்கள். வீராம்பட்டினத்தில் ஒரு பெரியவரிடம் உட்கார்ந்து, எந்த வருடம் கரை எங்கே இருந்தது, எந்தக் கோயில் வரை தண்ணீர் வந்தது என்று கேட்டு எழுத நம் மாணவரால்தான் முடியும். குழுவில் அவர்தான் முக்கியமான ஆள்.

இது நடக்கிற காரியமா?

நடந்துகொண்டிருக்கிற காரியம். 1995-ல் டென்மார்க்கில் 'ஐரோப்பிய ப்ராஜெக்ட் செமஸ்டர்' என்று ஒன்று தொடங்கியது. பல நாடுகளிலிருந்தும் பல துறைகளிலிருந்தும் வரும் மாணவர்கள் சிறு குழுக்களாகப் பிரிந்து, ஒரு செமஸ்டர் முழுவதும் ஒரே ப்ராஜெக்டில் வேலை செய்வார்கள். இன்று ஐரோப்பாவின் பல கல்லூரிகளில் இது நடக்கிறது. போர்ச்சுகலின் போர்ட்டோ நகரில் உள்ள கல்லூரி, நீடித்த வளர்ச்சியையும் தொழில் அறத்தையும் அதே ப்ராஜெக்டுக்குள் வைத்துக் கற்றுத் தருகிறது.

நம் பக்கத்திலும் உண்டு. கோவையைத் தலைமையிடமாகக் கொண்ட அம்ரிதா விஸ்வ வித்யாபீடம் 2013-ல் 'லிவ்-இன்-லேப்ஸ்' என்ற திட்டத்தைத் தொடங்கியது. மாணவர்கள் கிராமத்தில் தங்கி, அங்குள்ளவர்களிடம் கேட்டு, தண்ணீர், மின்சாரம், சுகாதாரம் போன்றவற்றுக்குத் தீர்வு தேடுகிறார்கள். வெளிநாட்டு மாணவர்களும் வந்து சேர்கிறார்கள்.

அமெரிக்காவின் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தில் 2007-ல் ஒரு வகுப்பில், குறைப்பிரசவக் குழந்தைகளுக்கு விலை குறைந்த இன்குபேட்டர் செய்யும்படி ஒரு மாணவர் குழுவிடம் சொன்னார்கள். அந்தக் குழுவில் சென்னை ஐஐடி-யில் படித்த ராகுல் பணிக்கரும் இருந்தார். குழுவில் ஒருவர் நேபாளம் போய்ப் பார்த்தார். மருத்துவமனையில் நன்கொடையாக வந்த இன்குபேட்டர்கள் பயன்படாமல் கிடந்தன. குழந்தைகள் இருந்தது கரண்ட் நிச்சயமில்லாத கிராமங்களில். உடனே குழு கேள்வியையே மாற்றிக்கொண்டது. மருத்துவமனைக்கான மலிவு இயந்திரத்தை விட்டுவிட்டு, தாயின் கையில் இருக்கக்கூடிய ஒரு சிறு பையைச் செய்தார்கள். மெழுகு போன்ற பொருளைச் சூடாக்கி அதற்குள் வைத்தால், தொடர்ந்து கரண்ட் இல்லாமலே சில மணி நேரம் குழந்தையின் உடல் சூட்டைக் காக்கும். 'எம்ப்ரேஸ்' என்ற அந்தப் பை 2011-ல் இந்தியாவில் பயன்பாட்டுக்கு வந்தது. கேள்வியை மாற்றத் தெரிவதுதான் இந்தக் கல்வியின் பலன்.

அரியாங்குப்பம் பக்கத்துக்கே இதில் பழைய அனுபவம் உண்டு. 1998-ல் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம், கனடாவின் நிதி உதவியுடன், வில்லியனூரை மையமாக வைத்துப் புதுச்சேரிக் கிராமங்களில் கம்ப்யூட்டர் அறிவு மையங்களைத் தொடங்கியது. வீராம்பட்டினத்தில் அமெரிக்கக் கடற்படையின் வெப்சைட்டிலிருந்து அலை உயர முன்னறிவிப்பை எடுத்து, ஒலிபெருக்கியில் தமிழில் மீனவர்களுக்குச் சொன்னார்கள். 2004 டிசம்பர் 26 அன்று, சிங்கப்பூரிலிருந்த நல்லவாடு ஊர்க்காரர் ஒருவர் சுனாமிச் செய்தி கேட்டுப் போன் செய்தார். அந்த ஊர் அறிவு மையத்தின் ஒலிபெருக்கியில் எச்சரிக்கை ஒலித்தது. மக்கள் ஓடித் தப்பினார்கள். தகவல் வெளிநாட்டிலிருந்து வந்தது, காப்பாற்றியது ஊர்க்காரர்களுக்குப் புரிந்த ஒலிபெருக்கி. இரண்டும் சேர்ந்தால்தான் காரியம் நடக்கும்.

உங்கள் கம்ப்யூட்டர் போதும்

இதற்காக லட்சம் செலவழித்து விமானம் ஏற வேண்டியதில்லை. புதிய கம்ப்யூட்டரும் வாங்க வேண்டாம். இப்போதே முயன்று பாருங்கள்.

1. பிரவுசரில் கூகுள் எர்த்தின் 'டைம்லாப்ஸ்' பக்கத்தைத் திறக்கவும். புதுச்சேரியைத் தேடி, ஆற்று முகத்துவாரத்துக்கு அருகே செல்லவும். 1984 முதல் ஆண்டுவாரியாகப் படங்கள் ஓடும். துறைமுகம் வருவதற்கு முந்தைய கரையையும் பிந்தைய கரையையும் உங்கள் கண்ணாலேயே பார்க்கலாம்.

2. இன்னும் தெளிவாகப் பார்க்க 'கூகுள் எர்த் ப்ரோ' சாப்ட்வேரை டவுன்லோட் செய்து கொள்ளவும். 2015 முதல் இது இலவசம். மேலே உள்ள கடிகாரப் படத்தைக் க்ளிக் செய்தால் பழைய படங்கள் வரும். ரூலர் படத்தைக் க்ளிக் செய்து, ஏதாவது ஓர் அசையாத கட்டடத்திலிருந்து தண்ணீர் வரை அளக்கவும். வெவ்வேறு ஆண்டுகளின் அளவை ஒரு நோட்டில் குறித்துக் கொள்ளவும்.

3. கல்லூரி மாணவர்கள் அடுத்த படிக்குப் போகலாம். அமெரிக்காவின் லேண்ட்சாட் செயற்கைக்கோள் படங்கள் 2008 முதல் எல்லோருக்கும் இலவசம். ஐரோப்பாவின் சென்டினல்-2 படங்கள் 2015-லிருந்து கிடைக்கின்றன. 'க்யூஜிஐஎஸ்' என்ற இலவச சாப்ட்வேரில் இவற்றைத் திறந்து கரைக்கோடு வரையலாம். பைத்தான் தெரிந்தவர்களுக்கு 'கோஸ்ட்சாட்' என்ற இலவசக் கருவியும் உண்டு.

ஓர் எச்சரிக்கை. லேண்ட்சாட் படத்தில் ஒரு புள்ளி தரையில் 30 மீட்டர். சென்டினலில் 10 மீட்டர். அலையும் ஓதமும் வேறு கரையை முன்னும் பின்னும் நகர்த்தும். ஒரே ஒரு படத்தை வைத்துக்கொண்டு 'கடற்கரை போச்சு' என்று முடிவு கட்டாதீர்கள். ஒரே பருவத்தில் எடுத்த பல ஆண்டுப் படங்களை ஒப்பிடுங்கள். பிறகு நேரில் போய்ப் பாருங்கள். இந்த நிதானமும் பொறியியல் பாடம்தான்.

குழுவாகப் பேச வீடியோ அழைப்பு போதும். நமக்குப் பகல் 2.30 மணி என்றால் கோல்ட் கோஸ்ட்டில் இரவு 7 மணி, நெதர்லாந்தில் கோடைக்காலத்தில் காலை 11 மணி. எல்லோரும் விழித்திருக்கும் நேரம். ஒரே பைலில் எல்லோரும் எழுத கூகுள் டாக்ஸ் இருக்கிறது. யார் எந்த வரியை எப்போது எழுதினார் என்பதும் அதில் தெரியும். ஆகவே ஒருவர் உழைக்க மற்றவர் பெயர் போட்டுக்கொள்ளும் வித்தையும் பலிக்காது.

சில சந்தேகங்கள்

"எங்கள் பிள்ளைக்கு அவ்வளவு ஆங்கிலம் வராதே?" என்று கவலைப்படும் பெற்றோர் உண்டு. நெதர்லாந்து மாணவருக்கும் ஆங்கிலம் தாய்மொழி இல்லை. படமும் எண்ணும் கையில் இருந்தால் உடைந்த ஆங்கிலமே ஓடும். ஒரு செமஸ்டர் முடிவதற்குள் பேச்சு தானாகவே தேறும்.

"வெளிநாட்டு மாணவர்கள் வந்து போட்டோ எடுத்துக்கொண்டு போவார்கள், குப்பத்துக்கு என்ன மிச்சம்?" என்றும் கேட்கலாம். இது உண்மையான ஆபத்து. அதனால்தான் நான் இரண்டு நிபந்தனைகள் சொல்வேன். முதலாவது, கேள்வியை ஊரோடு சேர்ந்து முடிவு செய்ய வேண்டும். இரண்டாவது, ரிப்போர்ட்டின் தமிழ்ச் சுருக்கம் ஒன்றை மீனவர் பஞ்சாயத்திலும் கொம்யூன் பஞ்சாயத்திலும் கொடுத்து, அவர்கள் முன்னால் விளக்கிச் சொல்ல வேண்டும். தவறு என்று அவர்கள் சொன்னால் திருத்த வேண்டும். அந்தச் சபைதான் உண்மையான வாய்மொழித் தேர்வு.

"மாணவர் ரிப்போர்ட்டால் மணல் திரும்பி வருமா?" வராது. அதற்கு அரசு வேண்டும், பணம் வேண்டும், புதுச்சேரியும் தமிழ்நாடும் சேர்ந்து உட்கார வேண்டும். ஏனெனில் சுவர் இருப்பது புதுச்சேரியில், கரை போன குப்பங்களில் பல தமிழ்நாட்டில். ஆனால் இந்த மாணவர்கள் நாளை எங்காவது ஒரு துறைமுகத்துக்கோ, சாலைக்கோ, தடுப்பணைக்கோ எஸ்டிமேட் போடப் போகிறவர்கள். அன்று, "பத்து வருடம் கழித்து இதைப் பராமரிப்பது யார்? வடக்கே குடியிருப்பது யார்?" என்று கேட்கும் ஒருவர் அந்த அறையில் இருப்பார். 1980-களில் அந்தக் கேள்வியை விடாமல் கேட்க ஆள் இருந்திருந்தால் நம் கடற்கரையின் கதையே வேறாக இருந்திருக்கும்.

கல்லூரிகள் செய்ய வேண்டியது

முதலில் மதிப்பெண் கொடுங்கள். மதிப்பெண் இல்லாத எந்த நல்ல காரியத்தையும் நம் மாணவர்கள் இரண்டாம் மாதத்தில் விட்டுவிடுவார்கள். அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. பைனல் இயர் ப்ராஜெக்டுக்குப் பதிலாகவே இதை ஏற்கலாம். வெளிநாட்டில் ஓர் ஆசிரியர் சம்மதித்தால் போதும், பெரிய ஒப்பந்தங்களுக்குக் காத்திருக்க வேண்டாம். சிவில் மாணவரோடு கம்ப்யூட்டர் சயின்ஸ் மாணவரையும் சேருங்கள். கரைக்கோட்டைக் கணக்கிட ஒருவர், அதன் அர்த்தத்தைச் சொல்ல ஒருவர் தேவை.

அயல்நாட்டாரோடு சேர்ந்து மண்ணைப் படிப்பது இந்த ஊருக்குப் புதிதல்ல. பக்கத்து அரிக்கமேட்டில் 1945-ல் மார்ட்டிமர் வீலர் நடத்திய அகழாய்வு இந்திய மாணவர்களுக்குப் பயிற்சிக் களமாகவும் இருந்தது. 1989 முதல் 1992 வரை சென்னைப் பல்கலைக்கழகமும் அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகமும் சேர்ந்து அங்கே தோண்டின. இரண்டாயிரம் ஆண்டுக்கு முந்தைய மண்ணைச் சேர்ந்து படிக்க முடிந்தது என்றால், முப்பத்தைந்து ஆண்டாக நகரும் மணலைச் சேர்ந்து படிக்க என்ன தடை?

பெற்றோருக்கு ஒரே ஒரு வேண்டுகோள். அடுத்த முறை உங்கள் மகனோ மகளோ ப்ராஜெக்டுக்குப் பணம் கேட்டால், எந்தக் கடைக்கு என்று கேட்காதீர்கள். "யாருடைய பிரச்சினையைத் தீர்க்கப் போகிறாய்?" என்று கேளுங்கள். பதில் வந்தால் பணமும் கொடுங்கள், கம்ப்யூட்டரையும் கொடுங்கள். இரவு ஒன்பது மணி சீரியலுக்காக இன்டர்நெட்டைப் பிடுங்காதீர்கள்!